வீட்டுத் தொட்டிக்குச் சுறா: கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா, சட்டம் எதற்கு இடம் தருகிறது?

பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சுறா வளர்க்கும் ஆசை வருகிறது. ஆசையோடு சேர்ந்தே, அது சட்டப்படி சரியா என்ற கேள்வியும் வருகிறது. இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. வீட்டில் சுறா வைத்திருக்கவே கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் பல நாடுகளில் இல்லை. ஆனால் அந்தச் சுறா எந்த இனம், எந்த நீரில் எந்த அளவில் பிடிபட்டது, பிடித்தவரிடம் என்ன உரிமம் இருந்தது, எந்தெந்த நாட்டு எல்லைகளைக் கடந்து வந்தது, இறுதியில் எங்கே வைக்கப்படுகிறது என்ற ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டங்கள் ஆள்கின்றன. பிடிக்கும் இடத்தில் குற்றமாகத் தொடங்கிய ஒன்று, பிறகு கடைக்கு வந்து ரசீது போடப்பட்டதால் மட்டும் நேர்மையான சரக்காக மாறிவிடுவதில்லை. நிலம் வாங்குகிறவர் விற்பவரின் பட்டாவோடு நின்றுவிடாமல் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதைப் போல, சுறா வாங்குகிறவரும் கண்ணாடித் தொட்டியிலிருந்து கடல் வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுறா வேண்டும் என்று முடிவு செய்தவர் முன் உள்ள வழிகள் சில மட்டுமே. தாமே கடலில் பிடிக்கலாம், பிறர் கடலில் பிடித்ததை விலைக்கு வாங்கலாம், தொட்டியில் பிறந்த குஞ்சையோ முட்டையையோ வாங்கலாம், வேறொருவர் வளர்க்க முடியாமல் கைவிடும் சுறாவை ஏற்கலாம், வளர்க்காமலே இருந்துவிடலாம். இவற்றுள் முதல் வழிதான் எளிமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். கடல் எல்லோருக்கும் பொது, தூண்டில் உரிமமும் கையில் இருக்கிறது, பிறகு என்ன தடை என்பது அவர்கள் வாதம். உண்மையில் சட்டச் சிக்கல் மிகுந்த வழி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பொழுதுபோக்கு மீன்பிடி உரிமம் என்பது பொதுவாக உணவுக்கோ விளையாட்டுக்கோ மீன் பிடிக்கத் தரப்படுவது. பிடித்த மீனை உயிரோடு எடுத்துச் சென்று வளர்ப்பதற்கு அது தானாகவே அனுமதி ஆகாது. காட்சிக்காக உயிருள்ள கடல் விலங்குகளைச் சேகரிப்பதற்குப் பல இடங்களில் தனி அனுமதி உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்பகுதியில் சுறாக்களுக்கென வழங்கப்படும் அத்தகைய அனுமதி, பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதற்காகவே தரப்படுகிறது. தனியொருவரின் வீட்டுக் கூடம் அந்த வரையறைக்குள் வராது. அதே பகுதியில் பொழுதுபோக்கு மீனவர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய சுறாக்களில் பெரும்பாலான இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு, மூக்கு நுனியிலிருந்து வால் பிரியும் இடம் வரை 54 அங்குலம், அதாவது ஏறக்குறைய 137 செ.மீ. கலிஃபோர்னியாவில் லெப்பர்ட் சுறாவுக்குக் குறைந்தபட்ச அளவு 36 அங்குலம், சுமார் 91 செ.மீ.

இந்த இரண்டு எண்களையும் வீட்டுத் தொட்டி ஒன்றின் அளவோடு சேர்த்து யோசித்தாலே முதல் வழி பெரும்பாலும் அடைபட்டிருப்பது விளங்கும். தொட்டியில் பொருந்தும் அளவுள்ள குட்டியைப் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் பிடிக்க விடும் அளவுள்ள சுறா எந்தச் சாதாரண வீட்டுத் தொட்டியிலும் பொருந்தாது. இது தற்செயலாக அமைந்தது அன்று. சுறாக்கள் மெதுவாக வளர்ந்து, தாமதமாக முதிர்ந்து, குறைவாகவே குட்டியிடும் விலங்குகள். லெப்பர்ட் சுறாவின் பெண், இனப்பெருக்க முதிர்ச்சியை அடையப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. ஒருமுறைகூடக் குட்டியிடாத இளம் சுறாக்களை எடுத்துக்கொண்டே போனால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடைதான் இந்தக் குறைந்தபட்ச அளவு. அளவு வரம்பு இல்லாத சிறிய இனங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பானெட்ஹெட் போன்றவை ஓயாமல் நீந்தும் இயல்புடையவை. வீட்டுத் தொட்டிக்கு அவை எவ்வகையிலும் ஏற்றவை அல்ல.

இந்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் அளவு குறைந்த லெப்பர்ட் சுறாக் குட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பிடித்து, தொட்டி வளர்ப்பாளர்களுக்காக அமெரிக்காவின் பிற பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பிவந்த ஒரு குழு பிடிபட்டு, அதில் முதன்மையானவருக்கு 2007-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்ரேஞ்ச்வில் என்ற ஊரில், ஒரு வீட்டின் நிலவறையில் இருந்த நீச்சல் குளத்தில் உயிருடன் ஏழு சாண்ட்பார் சுறாக்கள் கண்டெடுக்கப்பட்டன; இரண்டு லெப்பர்ட் சுறாக்களும் ஒரு சுத்தித்தலைச் சுறாவும் அங்கே இறந்து கிடந்தன. சாண்ட்பார் அந்த மாநிலத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். உயிரோடு இருந்தவை அளவெடுக்கப்பட்டு, குறியிடப்பட்டு, லாங் ஐலண்டில் உள்ள பொது மீன்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இறந்துபோன அந்த மூன்றையும் எந்த அனுமதிச் சீட்டாலும் ஈடுசெய்ய முடியாது என்பதை இங்கே சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இவற்றோடு, முற்றாகத் தடைசெய்யப்பட்ட நீர்களும் இனங்களும் உண்டு. பசிபிக்கில் உள்ள பலாவு நாடு 2009-இல் தன் கடற்பரப்பு முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1984-லேயே கிரே நர்ஸ் சுறாவைப் பாதுகாக்கப்பட்ட இனமாக்கியது. இந்தியாவில் திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இத்தகைய நீரிலோ இனத்திலோ அளவு, உரிமம், எண்ணிக்கை பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

இனி இரண்டாவது வழி: உரிமம் பெற்றவர் கடலில் பிடித்ததை வணிகரிடம் வாங்குவது. இது சட்டப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் அப்படி நடக்கும் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நாடுகளுக்கிடையிலான சட்டமும் உள்ளே வருகிறது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது; இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அதன் இரண்டாவது பின்னிணைப்பில் உள்ள இனங்களை வணிகம் செய்யத் தடையில்லை. ஆயினும் ஏற்றுமதி செய்யும் நாடு இரண்டு விஷயங்களை உறுதிசெய்து அனுமதி தர வேண்டும்: அந்த விலங்கு உள்நாட்டுச் சட்டப்படி பெறப்பட்டது என்பது ஒன்று, அதை எடுத்ததால் அந்த இனத்தின் நிலைபேற்றுக்குக் கேடு விளையாது என்பது மற்றொன்று.

2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, ரெக்வியம் சுறாக்கள் எனப்படும் கார்க்கரினிடே குடும்பம் முழுவதையும் இந்தப் பின்னிணைப்பில் சேர்த்தது. அது 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொட்டி வளர்ப்பாளர்களை நேரடியாகத் தொட்ட முடிவு இது. ஏனென்றால், செவுள் கீற்றுகளும் கூர்மையான முதுகுத் துடுப்பும் கருநிற நுனியுமாக, சுறா என்றதும் எல்லோர் மனதிலும் எழும் உருவத்தை அப்படியே கொண்ட பிளாக்டிப் ரீஃப் சுறா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் சாதாரண விலைப்பட்டியலோடு எல்லை தாண்டி வந்த அந்தச் சுறா, இப்போது உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏற்றுமதி அனுமதி மட்டும் போதாது. இறக்குமதி அனுமதியையும் தனியே பெற வேண்டும். இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே கடையில் வாங்கிய நாளோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வைத்திருப்பதே தனியொரு சட்டப் பொறுப்பாக ஆகிறது.

சைட்டிஸ் அனுமதிச் சீட்டில் விலங்கின் அறிவியல் பெயர் இருக்கும் வரிசையில், பின்னிணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும். அந்த எழுத்து 'டபிள்யூ' என்றால் இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டது. 'சி' என்றால் வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. 'எஃப்' என்றால் வளர்ப்பிடத்தில் பிறந்தது, ஆனால் 'சி' என்று குறிக்கத் தேவையான நிபந்தனைகளை நிறைவு செய்யாதது. விற்பவர் வாயால் சொல்லும் கதைக்கும் சீட்டில் உள்ள அந்த ஓர் எழுத்துக்கும் முரண் இருந்தால், எழுத்தைத்தான் நம்ப வேண்டும். எழுத்தே இல்லாமல் கதை மட்டும் இருந்தால் அங்கிருந்து விலகிவிடுவதே நல்லது.

பட்டியலில் இல்லாத இனங்கள் என்றதும் பலர் கவலையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் மூங்கில் சுறா, எபாலெட் சுறா, ஹார்ன் சுறா ஆகியவை பனாமா மாநாட்டின் முடிவுக்குள் வரவில்லை. சைட்டிஸ் சீட்டு தேவையில்லை என்பதால், அவை எந்தக் கடலில் எப்படிப் பிடிபட்டன என்பதைக் காட்டும் ஒரு தாள்கூட இல்லாமல் கை மாறிவிடக்கூடும். ஆனால் பிடித்த நாட்டின் மீன்வளச் சட்டம் அப்போதும் பொருந்தும். அமெரிக்காவில் 1900 முதல் இருந்துவரும் லேசி சட்டம், ஒரு மாநிலத்தின் சட்டத்தையோ அயல்நாட்டுச் சட்டத்தையோ மீறிப் பிடித்த மீனை வாங்குவதையும் விற்பதையும் எடுத்துச் செல்வதையும் தனிக் குற்றமாகக் கருதுகிறது. எங்கோ ஒரு பவளத்திட்டில் உரிமமின்றிப் பிடித்தவர் செய்த தவறு, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வாங்கியவர் தலையில் விடியக்கூடும். எனவே பட்டியலில் இல்லாத இனமானாலும் அறிவியல் பெயர், பிடித்த பகுதி, பிடித்தவரின் உரிம விவரம், இறக்குமதி ஆவணம் ஆகிய நான்கும் ரசீதோடு இணைந்து வர வேண்டும் என்று கேட்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

சட்டம் இடம் கொடுத்தாலும் உடல் இடம் கொடுக்காத இனங்கள் உண்டு. பிளாக்டிப் ரீஃப் சுறா முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுள்களில் நீர் பாயும். நின்றால் மூச்சு முட்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடிய அப்படியொரு விலங்குக்கு வீட்டுச் சுவர்களுக்குள் இடம் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெரிய நிறுவனங்களின் அனுபவமே சொல்லும். மான்டரே பே மீன்காட்சியகம் 2004-இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாள்கள் வைத்திருந்து, பிறகு கடலில் விட்டுவிட்டது. அது வேறு இனம்தான். ஆனால் மிகப் பெரிய தொட்டியும் முழுநேர வல்லுநர்களும் இருந்த இடத்திலேயே அவ்வளவு காலம்தான் முடிந்தது. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளை வளர்ப்பவர்மீது அவற்றின் தேவைகளை நிறைவேற்றும் கடமையைச் சுமத்துகிறது. சுறாவும் அதற்குள் அடங்கும். அங்கே, முறையான சீட்டோடு வாங்கிய சுறாவைக்கூடப் போதாத தொட்டியில் வைத்தால் அது சட்டச் சிக்கலாகவே ஆகிவிடும்.

மூன்றாவது வழியான தொட்டியில் பிறந்த சுறாவே, என் கருத்தில், வீட்டில் வளர்க்க உறுதியாக முடிவெடுத்தவர்களுக்கு உள்ள ஒரே நியாயமான வழி. மூங்கில் சுறா, எபாலெட் சுறா, பவளப் பூனைச்சுறா ஆகியவை முட்டையிடுபவை. தரையில் ஓய்ந்து படுத்தபடியே வாயால் நீரை உறிஞ்சிச் செவுள் வழியே செலுத்தி மூச்சுவிடக் கூடியவை. அடைபட்ட நீரிலும் இனம் பெருக்குபவை. பட்டை மூங்கில் சுறாவின் முட்டை, தோல்போன்ற பழுப்பு உறைக்குள் இருக்கும். அதை நீருக்குள்ளேயே வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் கருவும், வாரங்கள் செல்லச் செல்ல அதோடு ஒட்டியபடி நெளியும் குஞ்சும் தெரியும். ஏறக்குறைய நான்கு மாதங்களில், கையளவு நீளத்தில், கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளோடு குஞ்சு வெளிவரும். சட்ட நோக்கில் இந்த உறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: தாய் எந்தத் தொட்டியில் இருக்கிறது, முட்டை என்றைக்கு இடப்பட்டது, குஞ்சு என்றைக்கு வெளிவந்தது என்பதையெல்லாம் வளர்ப்பவர் எழுதித் தர முடியும், வாங்குபவர் நேரில் போய்ப் பார்க்கவும் முடியும். கடலில் பிடித்த சுறாவின் பின்னணி எவ்வளவு நீளமோ, அவ்வளவு குறுகியது இதன் பின்னணி.

ஆனால் 'தொட்டியில் பிறந்தது' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. கடலடியிலிருந்து பொறுக்கி எடுத்த முட்டை உறை, தொட்டியில் பொரித்தாலும், இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். கடலில் கருவுற்ற தாயைப் பிடித்து வந்து, அது தொட்டியில் இட்ட முட்டையும் 'சி' என்ற எழுத்துக்கு உரியது ஆகாது. பெற்றோர் வளர்ப்பிடத்திலேயே இணைசேர்ந்திருக்க வேண்டும், அந்தப் பெற்றோர்களும் சட்டப்படி பெறப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது சைட்டிஸ் வரையறை. பட்டியலில் இல்லாத இனங்களுக்கு இந்த எழுத்து சட்டப்படி தேவையில்லை என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இந்த முட்டையின் தாயும் தந்தையும் எங்கே? உண்மையாக இனப்பெருக்கம் செய்பவர் இந்தக் கேள்வியால் மகிழ்வார், தொட்டியருகே அழைத்துப் போய்க் காட்டுவார். மழுப்பலான பதில் வந்தால், கடலிலிருந்து வந்த முட்டை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழியிலும் ஒரு கசப்பான உண்மை உண்டு. கையளவாக வரும் குஞ்சு ஏறக்குறைய ஒரு மீட்டர் வளரும். இருபது ஆண்டுகள் வரைகூட வாழக்கூடும். உயரத்தைவிட அகன்ற தரைப்பரப்பும், சில ஆயிரம் லிட்டர் நீரும் அதற்குத் தேவைப்படும். மற்ற கடல்மீன்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் செம்பு கலந்த மருந்துகள் அதற்கு நஞ்சாகலாம். குஞ்சுக்குப் பொருந்தும் தொட்டியை வாங்கிவிட்டு, பெரிய தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களின் சுறாக்களே பின்னாளில் கைவிடப்படுபவை.

அவற்றை ஏற்பதுதான் நான்காவது வழி. மனிதாபிமானம் மிகுந்த தேர்வு இது. கடலிலிருந்து புதிதாக ஒன்றை எடுக்கத் தூண்டுவதில்லை. ஆயினும் கொடுப்பவர் இலவசமாகக் கொடுத்தாலும் ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில் உள்ள இனமாக இருந்து பதிவு தேவைப்படும் நாடாகவும் இருந்தால், உரிமை மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். ஆவணம் இல்லாத சுறாவை ஏற்றவரே அடுத்த கட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார். அப்படிப்பட்ட சுறா கண்ணில் பட்டால், தானே எடுத்துக்கொள்வதற்கு முன் மீன்வளத் துறையையோ வனத்துறையையோ ஒரு பொது மீன்காட்சியகத்தையோ கேட்டுவிடுவது பாதுகாப்பு. கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்ற எண்ணம் மட்டும் வரக் கூடாது. தொட்டியில் இருந்த விலங்கை இயற்கை நீரில் விடுவதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடைசெய்கின்றன. தொட்டி நோய்களைக் கடலுக்குக் கொண்டுபோவதும், அந்தக் கடலுக்குரியதல்லாத இனத்தை அங்கே நுழைப்பதும் அதனால் நேரலாம்.

வளர்க்காமலே இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய தொட்டிக்கு இடமும், இருபது ஆண்டுக்கான உறுதியும் இல்லாதவருக்கு அதுவே சரியான முடிவு.

என் தீர்ப்பு ஒரு வரிசையாகவே அமைகிறது. தகுந்த தொட்டி உள்ளவர், ஆவணத்தோடு கைவிடப்படும் சுறா கிடைத்தால் முதலில் அதையே ஏற்கலாம். இல்லையெனில், பெற்றோரைக் காட்டக்கூடியவரிடம் சிறிய, தரைவாழ் இனத்தின் முட்டையை வாங்கலாம். கடலில் பிடித்ததை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குவது சட்டப்படி முடியும் என்றாலும், அதைவிட நல்ல இரண்டு வழிகள் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தாமே பிடிப்பதை, ஆய்வுக்கோ பொதுக் காட்சிக்கோ அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு விட்டுவிட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: அறிவியல் பெயர் என்ன, இயற்கையில் பிடித்ததா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா, பிடித்ததானால் எந்த நாட்டின் எந்தக் கடற்பகுதியில், எந்த உரிமத்தில், பிறந்ததானால் பெற்றோர் யாரிடம் இருக்கின்றன, சைட்டிஸ் பட்டியலில் இருந்தால் அனுமதிச் சீட்டின் எண் என்ன. பதில்களை, தாம் வாழும் நாட்டின் மீன்வளத் துறைக்கும் சைட்டிஸ் மேலாண்மை அதிகார அமைப்புக்கும் காட்டி, இந்த இனத்தை வீட்டில் வைத்திருக்கத் தனிப் பதிவோ உரிமமோ தேவையா என்று எழுத்திலேயே விடை பெற வேண்டும். மாநகராட்சி, குடியிருப்புச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகளின் விதிகளும் சில இடங்களில் குறுக்கே நிற்கும் என்பதால் அவற்றையும் கேட்டுவிட வேண்டும். இந்த விடைகள் வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். தொட்டியின் நீர் பக்குவப்படவும் அதே அளவு காலம் தேவைப்படும் என்பதால், அந்தக் காத்திருப்பில் இழப்பதற்கு எதுவும் இல்லை.